லைஃப்ரே போர்ட்டல்: ஐந்து நிமிஷ இன்ஸ்டாலை நம்பி இறங்காதீர்கள்

நிறுவனத்தின் உள்வலையைக் கட்டும் மென்பொருளான லைஃப்ரேயின் இலவசப் பதிப்பை (கம்யூனிட்டி எடிஷன்), டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரோடு சேர்ந்த பொதியாக இறக்கி, பிரித்து, ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டை ஓட்டினால் போதும், ஒரு காபி குடித்து வருவதற்குள் 8080 போர்ட்டில் முழு போர்ட்டலும் எழுந்து நிற்கும். லாகின் பக்கம், பக்கங்களை இழுத்துப் போட்டு அமைக்கும் வசதி, ஆவணக் கிடங்கு, விக்கி, வலைப்பதிவு எல்லாம் வந்துவிடும். பார்க்கிறவர்கள் "இவ்வளவுதானா" என்று அசந்துபோவார்கள். இவ்வளவு இல்லை. அந்த ஐந்து நிமிஷத்தில் நீங்கள் பார்த்தது வெறும் டெமோ, ஏனென்றால் உண்மையான டேட்டாபேஸ் எதுவும் இன்னும் உள்ளே வரவில்லை. மென்பொருளுக்கு நான் ஐந்துக்கு நான்கு தருவேன், நிறுவும் அனுபவத்துக்கு இரண்டரை. டேட்டாபேஸ் தெரிந்த ஒரு ஆள் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் தைரியமாக எடுங்கள். இல்லையென்றால் இலவசம் என்ற ஒரே காரணத்துக்காகத் தொடவே தொடாதீர்கள்.

இது என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ஒரே லாகினில் பல துறைகள், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அனுமதி, உள்ளுக்குள் ஆவணங்கள், படிவங்கள், அறிவிப்புகள் என்று ஒரு நிறுவனத்தின் உள்வலையைக் கட்டுவதற்கான ஜாவா மென்பொருள். பிரையன் சான் என்பவர் 2000இல் தொடங்கியது, 2004இல் கம்பெனியாக ஆனது, தலைமையகம் கலிபோர்னியாவின் டயமண்ட் பாரில். போர்ட்லெட் (போர்ட்டல் பக்கத்துக்குள் உட்காரும் சிறு செயலி) என்ற ஜாவா தரம் 2003இல் வந்தபோது ஐபிஎம்மின் வெப்ஸ்பியர் போர்ட்டல் மாதிரிப் பெரிய ஆட்கள் களத்தில் இருந்தார்கள். அந்த வெப்ஸ்பியர் போர்ட்டலை 2019இல் எச்சிஎல் வாங்கிக்கொண்டது. இலவசமாக எடுத்து ஓட்டக்கூடியவற்றில் இன்றைக்கும் சுறுசுறுப்பாக இருப்பது என்று பார்த்தால் லைஃப்ரேதான் முதலில் நினைவுக்கு வருகிறது. காசு கட்டி வாங்கும் பதிப்புக்கு டிஎக்ஸ்பி என்று பெயர், இலவசப் பதிப்பு எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வருகிறது. நான் இங்கே பேசுவது இலவசப் பதிப்பு 7.4, உபுண்டு சர்வரில், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு.

ஏன் போஸ்ட்கிரெஸ்? இலவசப் பதிப்பில் 7.0 வந்தபோதே ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், டிபி2 மூன்றுக்குமான ஆதரவை எடுத்துவிட்டார்கள். "எங்களிடம் ஏற்கெனவே ஆரக்கிள் இருக்கிறது, அதிலேயே வைத்துக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் டிஎக்ஸ்பி பக்கம்தான் போக வேண்டும். மிச்சம் இருப்பவை மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ். எது எடுத்தாலும் ஓடும். எனக்குப் போஸ்ட்கிரெஸ் கை பழகியது, அவ்வளவுதான் காரணம், மதச்சண்டை வேண்டாம்.

இப்போது அந்த டெமோ விஷயத்துக்கு வருகிறேன். எந்த டேட்டாபேஸும் சொல்லாமல் லைஃப்ரேயை ஓட்டினால் அது உள்ளேயே ஹைப்பர்சானிக் என்ற குட்டி டேட்டாபேஸைக் கிளப்பிக்கொள்ளும். டேட்டா ஃபோல்டருக்குள் ஹைப்பர்சானிக் என்று ஒரு துணை ஃபோல்டர், அதற்குள் சில கோப்புகள், அதுதான் முழு டேட்டாபேஸும். இதில் நிறுவனத்தையே நடத்துவது கல்யாணப் பந்தலில் குடித்தனம் வைப்பது மாதிரி. லைஃப்ரேயே இதை மறைப்பதில்லை, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் "ஹைப்பர்சானிக்கில் ஓடிக்கொண்டிருக்கிறாய், உண்மையான பயன்பாட்டுக்கு இதை வைக்காதே" என்று லாகில் (நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பில்) எச்சரிக்கை எழுதுகிறது. ஆனால் லாகை யார் படிக்கிறார்கள்? ஒரு நடுத்தர அலுவலகத்தில் போய்ப் பார்த்தபோது, வெளியாள் ஒருவர் நிறுவிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கிப் போன போர்ட்டல், ஊழியர் கையேடு, சுற்றறிக்கைகள், விடுப்புப் படிவங்கள் எல்லாவற்றையும் இந்தப் பந்தலுக்குள் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே யாருக்கும் அது தெரியாது, தெரிய வழியும் இல்லை, ஏனென்றால் திரையில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். அதை அப்படியே எடுத்துப் போஸ்ட்கிரெஸில் கொட்டுவதற்குச் சுலபமான பொத்தான் எதுவும் கிடையாது. புதிதாக நிறுவி, உள்ளடக்கத்தை ஏற்றுமதி செய்து இறக்குமதி செய்ய வேண்டியதுதான். அதனால் முதல் தடவை ஓட்டுவதற்கு முன்பே டேட்டாபேஸைத் தயாராக வைத்திருங்கள். இந்த ஒரு வரிக்காகவே இவ்வளவையும் எழுதுகிறேன்.

போஸ்ட்கிரெஸ் பக்கத்து வேலை கொஞ்சம்தான், ஆனால் இரண்டு இடத்தில் கால் தடுக்கும். ஒன்று, டேட்டாபேஸை உருவாக்கும்போது யுடிஎஃப்-8 குறிமுறை (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சர்வர் வேறு குறிமுறையில் நிறுவப்பட்டிருந்தால் புது டேட்டாபேஸுக்கு அச்சாக இருக்கும் வார்ப்பு டேட்டாபேஸோடு ஒத்துப்போகவில்லை என்று மறுக்கும், அப்போது டெம்ப்ளேட்0வை வார்ப்பாகக் கொடுத்தால் சரியாகிவிடும். இரண்டாவது, 2022இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15இலிருந்து பப்ளிக் ஸ்கீமாவில் (டேபிள்கள் இயல்பாகப் போய் உட்காரும் பகுதியில்) யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம் என்ற பழைய சலுகை போய்விட்டது. லைஃப்ரே பயனருக்கு டேட்டாபேஸின் மேல் எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பீர்கள், தொடங்கினால் ஸ்கீமாவில் அனுமதி இல்லை என்று வரும். அனுமதி அனுமதியாகக் கொடுத்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு அந்தப் பயனரையே டேட்டாபேஸின் உரிமையாளராக ஆக்கிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது. பழைய வழிகாட்டிகள் பலவற்றில் இது இருக்காது, அவை 15க்கு முன்பு எழுதப்பட்டவை.

லைஃப்ரே பக்கத்தில் போர்ட்டல்-எக்ஸ்ட் ப்ராப்பர்ட்டீஸ் என்ற ஒரு கோப்பு. அதில் நான்கு வரிகள்: டிரைவர், முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு. கூடவே செட்டப் விசர்டை அணைக்க ஒரு வரி. கோப்பை வைக்க வேண்டிய இடம் லைஃப்ரேயின் தலைமை ஃபோல்டர், அதாவது டாம்கேட் ஃபோல்டருக்கு ஒரு படி மேலே, டேட்டா, டிப்ளாய், ஓஎஸ்ஜிஐ எல்லாம் இருக்கும் இடம். டாம்கேட் ஃபோல்டருக்குள் வைத்துவிட்டால் பிழை எதுவும் வராது! அந்தக் கோப்பைப் பார்க்காமலே, ஹைப்பர்சானிக்கைக் கிளப்பிக்கொண்டு சந்தோஷமாக ஓடும். வரியின் பெயரில் ஒரு பெரிய எழுத்து சிறிய எழுத்தானாலும் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. இந்த அமைதியான தோல்விதான் எனக்கு இந்த மென்பொருளில் பிடிக்காத முதல் விஷயம். டேட்டாபேஸ் சரியாகக் கிடைக்கவில்லையென்றால் ஓடாமல் நிற்க வேண்டும், மாற்று வழியில் போகக்கூடாது. சரி, எப்படிச் சரிபார்ப்பது? தொடங்கும்போது லாகில் "டயலெக்ட் டிடெக்டர்" என்று ஒரு வரி வரும், எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு என்று அதில் இருக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற பெயரை அங்கே கண்ணால் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

அப்புறம் இணைப்புகளின் எண்ணிக்கை. இது சின்ன விஷயமாகத் தெரியும், பிஸியான ஒரு திங்கட்கிழமை காலையில்தான் வெளியே வரும். லைஃப்ரே உள்ளே ஹிகாரி என்ற இணைப்புத் தொகுப்பை, அதாவது டேட்டாபேஸுக்கான இணைப்புகளைத் திறந்தே வைத்துப் பகிர்ந்து கொடுக்கும் கருவியை, வைத்திருக்கிறது, அதன் உச்ச வரம்பு 100. போஸ்ட்கிரெஸின் இயல்பான உச்ச வரம்பும் 100. ஆனால் அந்த நூறில் மூன்றை போஸ்ட்கிரெஸ் சூப்பர்யூசருக்கு (முழு அதிகாரம் உள்ள நிர்வாகிக்கு) என்று ஒதுக்கி வைத்துக்கொள்ளும். ஆக, ஒரே ஒரு லைஃப்ரே சர்வர் ஓடினாலே, முழு வேகத்தில் கேட்க ஆரம்பித்தால் கணக்கு உதைக்கும். பேக்கப் ஸ்கிரிப்ட், கண்காணிப்புக் கருவி, நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஒரு பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவி) ஜன்னல், எல்லாம் அதே நூறுக்குள்தான். இரண்டு சர்வர் வைத்துப் பகிர்ந்தால் கேட்கவே வேண்டாம். தொகுப்பின் வரம்பைக் குறைப்பதா, போஸ்ட்கிரெஸின் வரம்பை ஏற்றுவதா என்றால் நான் முதலாவதைச் செய்வேன். இருநூறு முன்னூறு பேர் இருக்கும் அலுவலகத்துக்கு நாற்பது ஐம்பது இணைப்பு தாராளம். மைஎஸ்க்யூஎல்லில் இயல்பான வரம்பு 151 என்பதால் அங்கே இது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியவரும்.

மைஎஸ்க்யூஎல் எடுப்பவர்களுக்கு வேறு இரண்டு கண்ணிகள் உண்டு. 8.0க்கு முந்தைய பதிப்புகளில் இயல்பான குறிமுறை லத்தீன்-1, அதில் தமிழை எழுதினால் பிழை வரும், இல்லையென்றால் கேள்விக்குறிகளாகத்தான் திரும்பி வரும். அதில் "யுடிஎஃப்8" என்று போட்டிருந்தால் தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டுக்குள் அடங்குவதால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும், யாராவது அறிவிப்பில் ஒரு இமோஜி போடும் வரைக்கும். இமோஜிக்கு நான்கு பைட் வேண்டும், அதனால் எம்பி4 என்று முடியும் குறிமுறையையே எடுங்கள். இன்னொன்று, விண்டோஸில் நிறுவிச் சோதித்துவிட்டு அந்த டேட்டாபேஸை அப்படியே லினக்ஸுக்குக் கொண்டுபோனால் டேபிள் பெயர்களின் பெரிய எழுத்து, சிறிய எழுத்துச் சிக்கல் வரும். விண்டோஸில் எல்லாப் பெயரும் சிறிய எழுத்தில் சேமிக்கப்படும், லினக்ஸில் லைஃப்ரே பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரைத் தேடும், கிடைக்காது.

மெமரி, ஜாவா இரண்டையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டாம்கேட் பொதியோடு வரும் செட்என்வ் கோப்பில் ஜாவா ஹீப்புக்கு (நிரல் ஓடும்போது தகவல்களை வைக்கும் மெமரிக்கு) 2560 எம்பி ஒதுக்கியிருப்பார்கள், மெட்டாஸ்பேஸுக்கு (நிரலின் கிளாஸ் விவரங்கள் இருக்கும் மெமரிக்கு) தனியாக 768. இதற்குமேல் தேடலுக்கான எலாஸ்டிக்சர்ச் தனிப் புராசஸாக ஓடும், அதே சர்வரில் போஸ்ட்கிரெஸும் இருந்தால் அதற்கும் வேண்டும். 4 ஜிபி மலிவு விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வரில்) இதை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் அவர்களையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 8 ஜிபி குறைந்தபட்சம், 16 இருந்தால் நிம்மதி. 7.4 வெளிவந்தபோது ஜாவா 8, 11 இரண்டிலும் ஓடியது, நீங்கள் இறக்கும் வெளியீட்டுக்கு எது என்பதைப் பொருத்தப் பட்டியலில் பார்த்துவிடுங்கள். அதே செட்என்வ் கோப்பில் நேர மண்டலம் ஜிஎம்டி என்று இருப்பதைப் பார்த்து, நாம் இந்தியாவில்தானே இருக்கிறோம் என்று மாற்றிவிடாதீர்கள். லைஃப்ரே உள்ளுக்குள் எல்லாத் தேதியையும் ஜிஎம்டியில்தான் வைக்கும், பயனருக்குக் காட்டும்போது அவரவர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளும். இதைத் தொட்டால் நிகழ்ச்சி நாட்காட்டியும் வெளியீட்டு நேரங்களும் ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போய் நிற்கும்.

முதல் தொடக்கம் நேரம் எடுக்கும், பயப்படாதீர்கள், சில நூறு டேபிள்களை உருவாக்க வேண்டுமே. முடிந்ததும் ஒரு நிமிஷம் ஒதுக்கி உள்ளே எட்டிப் பாருங்கள், டேட்டாபேஸ்காரர்களுக்கு இது சுவாரஸ்யமாக இருக்கும், கொஞ்சம் கோபமும் வரும். பயனர் டேபிள், குழு டேபிள் ஆகியவற்றின் பெயர்களில் கடைசியில் ஒரு அடிக்கோடு ஒட்டியிருக்கும், ஏனென்றால் யூசர், குரூப் எல்லாம் எஸ்க்யூஎல் தனக்கென்று வைத்துக்கொண்ட சொற்கள். அது பரவாயில்லை. கோபம் வருவது ஃபாரின் கீயை, அதாவது ஒரு டேபிள் இன்னொன்றைச் சார்ந்திருப்பதை டேட்டாபேஸே காக்கும் கட்டுப்பாட்டை, தேடும்போது. ஒன்றுகூடக் கிடையாது. இவ்வளவு டேபிள், ஒன்றை ஒன்று சார்ந்த இவ்வளவு தகவல், ஆனால் டேட்டாபேஸ் மட்டத்தில் எந்தக் கட்டுப்பாடும் வைக்கவில்லை, எல்லாத் தொடர்பையும் ஜாவா பக்கத்து நிரலே பார்த்துக்கொள்கிறது. ஒரு ஆவணத்துக்கோ கட்டுரைக்கோ உள்ள குறிச்சொல், மதிப்பீடு, கருத்து எல்லாம் "எந்த வகைப் பொருள், அதன் எண் என்ன" என்ற இரண்டு எண்களால்தான் இணைக்கப்பட்டிருக்கும், அந்த வகை எண் என்ன என்று தெரிய இன்னொரு டேபிளைப் பார்க்க வேண்டும். பல டேட்டாபேஸ்களில் ஒரே நிரல் ஓட வேண்டும் என்பதற்காக இப்படிக் கட்டியிருக்கிறார்கள், காரணம் புரிகிறது. ஆனால் இதன் விளைவு என்னவென்றால், வேலையை விட்டுப் போன ஊழியரின் வரிசையை ஒரு டெலீட் கட்டளையில் தூக்கிவிடலாம் என்று யாராவது கையை வைத்தால் டேட்டாபேஸ் தடுக்காது, "சரி" என்று சொல்லிவிடும், அதற்குப் பிறகு அந்த ஆளின் பேரில் இருந்த பக்கங்கள் ஒவ்வொன்றாகப் பிழை காட்ட ஆரம்பிக்கும். வாசிக்க மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் வாசியுங்கள், அறிக்கை எடுங்கள். எழுதுவதென்றால் போர்ட்டல் வழியாக மட்டும்.

பேக்கப்பில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவியான பிஜிடம்ப்பில் எடுத்தால் எல்லாம் வந்துவிட்டது என்று நினைப்பார்கள், ஆனால் மக்கள் ஏற்றும் பிடிஎஃப், எக்செல், படங்கள் எதுவும் இயல்பாக டேட்டாபேஸுக்குள் போவதில்லை. டேபிளில் இருப்பது கோப்பின் பெயர், பதிப்பு, அனுமதி மாதிரியான விவரங்கள் மட்டும். உண்மையான கோப்பு டேட்டா ஃபோல்டருக்குள் டாக்குமென்ட் லைப்ரரி என்ற இடத்தில் எண்களால் ஆன துணை ஃபோல்டர்களுக்குள் கிடக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். டேட்டாபேஸ் இன்றைக்கு, கோப்புகள் போன வாரத்தையது என்றால் பட்டியலில் பெயர் தெரியும், சொடுக்கினால் ஒன்றும் வராது. கோப்புகளையும் டேட்டாபேஸுக்குள்ளேயே வைக்கும் டிபிஸ்டோர் என்ற வழி உண்டு. ஒரே பேக்கப்பில் முடிந்துவிடும் என்று ஆசையாக இருக்கும், ஆனால் டேட்டாபேஸ் வீங்கிப்போகும். போஸ்ட்கிரெஸில் அது லார்ஜ் ஆப்ஜெக்டாக, எந்த ஸ்கீமாவிலும் சேராமல், சேமிக்கப்படுவதால், ஸ்கீமா பெயரைக் குறிப்பிட்டு டம்ப் எடுத்தால் கோப்புகள் சத்தமில்லாமல் விட்டுப்போகும், முழு டேட்டாபேஸையும் டம்ப் எடுத்தால்தான் வரும். நான் ஃபோல்டரில் வைப்பதையே பரிந்துரைப்பேன், இரவில் ஒரே ஸ்கிரிப்டில் டம்ப், அடுத்து ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி).

தேடல் தனிக் கதை. கூடவே வரும் எலாஸ்டிக்சர்ச் சோதனைக்கு மட்டும், உண்மையான பயன்பாட்டுக்குத் தனியாக நிறுவி, அதில் நான்கு மொழிச் செருகிகளைப் போட வேண்டும். நாம் ஜப்பானிய மொழியோ போலிஷோ பயன்படுத்தப் போவதில்லை, இருந்தாலும் அவை வேண்டும், இல்லாவிட்டால் இண்டெக்ஸ் உருவாகாது. தமிழுக்கு? எலாஸ்டிக்சர்ச் 7இன் உள்ளமைந்த மொழிப் பட்டியலில் இந்தியும் வங்காளமும் இருக்கின்றன, தமிழ் இல்லை. அதனால் "பள்ளி" என்று தேடினால் "பள்ளியில்", "பள்ளிக்கு" என்று எழுதிய ஆவணங்கள் தானாக வந்து நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இடைமுகத்துக்குத் தமிழ் இருக்கிறது, ஆனால் இயல்பாக அணைந்திருக்கும், இன்ஸ்டன்ஸ் அமைப்புகளில் போய் மொழியைச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் பல பொத்தான்களில் ஆங்கிலம்தான். உள்ளடக்கத்தைத் தமிழில் எழுத எந்தத் தடையும் இல்லை, அது நன்றாகவே வேலை செய்கிறது.

மென்பொருளைத் தனிப் பெட்டியாக அடைத்து ஓட்டும் டாக்கரின் பிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதிகாரபூர்வ டாக்கர் இமேஜ் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது, ஆனால் டேட்டாபேஸ் விவரங்களை என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுக்கும்போது, பெயரில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் "பீரியட்" என்றும் ஒவ்வொரு பெரிய எழுத்துக்கும் முன்னால் "அப்பர்கேஸ்" என்றும் அடிக்கோடுகளோடு எழுத வேண்டும். டிரைவர் கிளாஸ் நேம் என்ற ஒரே ஒரு வரியை இப்படி எழுதிப் பாருங்கள், முடித்ததும் எழுந்து கொஞ்சம் நடக்கத் தோன்றும். அதற்குப் பதில் போர்ட்டல்-எக்ஸ்ட் கோப்பையே உள்ளே மவுண்ட் செய்துவிடலாம் (இணைத்துவிடலாம்), நான் அப்படித்தான் செய்கிறேன்.

பாதுகாப்பு. இலவசப் பதிப்புக்குத் தனிப் பேட்ச் கிடையாது, ஓட்டை அடைக்கப்பட வேண்டுமென்றால் அடுத்த வெளியீட்டுக்கு நகர வேண்டும், அதுதான் இலவசத்தின் விலை. 2020இல் வெளியான சிவிஇ-2020-7961 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பதிவெண்) நினைவிருக்கிறதா? ஜேசன் வெப் சர்வீஸ் வழியாக லாகின் இல்லாமலே வெளியிலிருந்து நிரலை ஓட்டிவிட முடிந்த ஓட்டை, தீவிரம் 10க்கு 9.8. 7.2.1 ஜிஏ2க்கு முந்தைய எல்லாவற்றையும் அது பாதித்தது. அப்போது பழைய பதிப்பில் "ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, ஏன் தொட வேண்டும்" என்று உட்கார்ந்திருந்த இடங்கள்தான் மாட்டின. அதனால் டாம்கேட்டை நேராக வெளியே காட்டாதீர்கள், முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வையுங்கள், வெளியிலிருந்து தேவைப்படாத ஏபிஐ (மற்ற நிரல்கள் உள்ளே பேசும் வழி) பாதைகளை அங்கேயே அடைத்துவிடுங்கள். நிர்வாகியின் இயல்பான பாஸ்வேர்டு "டெஸ்ட்" என்பது உலகத்துக்கே தெரியும், அதை முதல் வேலையாக மாற்றுங்கள்.

யாருக்கு இது வேண்டாம் என்று கேட்டால்: கம்பெனிக்கு ஒரு வெப்சைட், பத்துப் பக்கம், ஒரு தொடர்புப் படிவம், அவ்வளவுதான் தேவை என்பவர்களுக்கு. வேர்ட்பிரஸ் போதும், பாதி மெமரிகூட வேண்டாம். பல துறை, பல கிளை, "இந்த ஆவணத்தை நிதித்துறை மேலாளர்கள் திருத்தலாம், மற்ற மேலாளர்கள் பார்க்கலாம், மற்றவர்களுக்கு இருப்பதே தெரியக்கூடாது" என்று கேட்கும் இடங்களில் லைஃப்ரேயின் அனுமதி அமைப்புக்கு நிகராக இலவசத்தில் நான் பார்த்தது இல்லை. கல்லூரிகள், மருத்துவமனைக் குழுமங்கள், கூட்டுறவு அமைப்புகள் மாதிரியானவற்றுக்குப் பொருந்தும்.

பதிப்பு மாற்றும்போது மட்டும் ஒன்றை மறக்காதீர்கள். அப்கிரேடு கருவி டேபிள்களின் அமைப்பையே மாற்றிவிடும். உதாரணமாக, 7.4இல் வலைக் கட்டுரைகளின் உள்ளடக்கம் ஒரே எக்ஸ்எம்எல் துண்டாக இருந்ததிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி டேபிள்களுக்குப் போய்விட்டது. பாதியில் நின்றால் பின்னால் திரும்ப வழி இல்லை, பேக்கப்பை மீட்டெடுப்பதுதான் ஒரே வழி. டேட்டாபேஸின் நகலை வேறு சர்வரில் மீட்டெடுத்து, அங்கே அப்கிரேடை ஓட்டி, எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு, பழைய பதிப்புகளாகக் குவிந்து கிடக்கும் கட்டுரைகளைப் போர்ட்டல் வழியாகக் களைந்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். நேரம் நன்றாகவே குறையும். அதற்குப் பிறகுதான் நிர்வாகத்திடம் "சனிக்கிழமை இரவு போர்ட்டல் இருக்காது" என்று கடிதம் கொடுக்க வேண்டும்.